நினைவு அழிந்த பின் ‘நான்’ யார்?

1901ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜெர்மனி நாட்டின் பிராங்க்ஃபர்ட் நகரிலிருந்த மனநோய் மருத்துவமனையில் 51 வயதான பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். அவர் பெயர் அகுஸ்டே. அங்குப் பணியாற்றிய அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் தாம் கேட்ட வினாக்களையும் அப்பெண்மணி அளித்த விடைகளையும் குறித்து வைத்தார். பெயர் யாது என்று கேட்டபோது ‘அகுஸ்டே’ என்றார். குடும்பப் பெயர் யாது என்றபோதும் ‘அகுஸ்டே’ என்றே விடை வந்தது. கணவர் பெயரைக் கேட்டபோதும் அதே பெயரைத்தான் கூறினார். பூக்கோசும் பன்றியிறைச்சியும் உண்டுகொண்டிருந்தவரிடம் என்ன உண்கிறீர் என வினவியபோது, கீரை என்றார். தம் பெயரை எழுதுமாறு பணிக்கப்பட்டபோது, ‘திருமதி’ என்னும் சொல்லை எழுதியதும் மற்றவற்றை மறந்துவிட்டார். தன்னையே தான் இழந்துவிட்டதாக அவர் கூறினார் என்பதும் அவரைப் பற்றிய பதிவுகளில் உள்ளது.

அவர் 1906ஆம் ஆண்டு ஏப்ரலில் இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர்கள் முன்னிலையில் அல்சைமர் அவருடைய நோயை விவரித்தார். பின்னர் அந்நோய்க்கு அம்மருத்துவர் பெயரே நிலைத்துவிட்டது. மறக்கப்பட்டுக் கிடந்த அக்குறிப்பேடு 1995இல் பிராங்க்ஃபர்ட்டிலேயே கண்டெடுக்கப்பட்டது.

‘என்னை இழந்துவிட்டேன்’ என்னும் பொருள்பட அப்பெண்மணி கூறியதை உற்று நோக்குவோம். இழந்தவர் யார்? இழக்கப்பட்டவர் யார்? முற்றிலும் இழந்துபோயிருந்தால் அதனைச் சொல்ல ஒருவர் எஞ்சியிருக்க இயலாது. சொல்ல ஒருவர் எஞ்சியிருக்கிறார் என்றால், இழந்தது எதனை? ‘தான்’ என்பதைக் குறித்து மெய்யியலாரும் உளவியலாரும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிகழ்த்திவரும் வழக்கு முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்று கூறினும் மிகையாகாது.

இவ்வினா நமக்கு வகுப்பறையில் எழுந்ததன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டிற்குத் திருவிருந்து கொண்டு சென்றிருந்தோம். அவ்வீட்டு மூதாட்டி மறதிநோயால் தம் மக்களையும் அறியாத நிலையில் இருந்தார். “ஐயா, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, எங்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும்” என்றார் மகன். நாமும் அதற்கு இசைந்தோம். அறியாமல் பெறுவது அபாத்திரமாய்ப் பெறுவதாகும் என்னும் எண்ணமே அப்பொழுது நமக்கு இருந்தது. அனைவருக்கும் வழங்கி முடித்தபின் கர்த்தருடைய செபத்தைத் தொடங்கினோம். மூலையில் அமர்ந்திருந்த அம்மூதாட்டி, மகனுடைய பெயரைக்கூடச் சொல்ல இயலாதவர், நம்முடன் சேர்ந்து ஒரு சொல்லும் பிழையாமல் ஆமென் வரை சொல்லி முடித்தார். அப்பத் தட்டை அதற்குள் மூடிவிட்டிருந்தோம். மறுமுறை செல்வதற்குள் அவர் இறந்துபோனார். அன்று நாம் செய்தது சரியா என்னும் வினா இன்றளவும் நம்மை விட்டு நீங்கவில்லை. ஆகவே, இக்கட்டுரையை நடுநிலையான ஆராய்ச்சி எனக் கூறத் துணியோம்.

சொற்களைப் பற்றிச் சில

‘தான்’ என்னும் தமிழ்ச் சொல் தனித்து நிற்பதில்லை. முன்னரே கூறப்பட்ட ஒருவரைத் திரும்பிச் சுட்டவே அது வரும். ‘கண்ணன் தன் வீட்டிற்குச் சென்றான்’ என்னுமிடத்துக் கண்ணன் முன்னே நின்றாலன்றித் ‘தன்’ என்பதற்குப் பொருளில்லை. இலக்கணத்தை மெய்யியலாக்குதல் ஆபத்தானது என்பதை அறிவோம். ஆயினும், வேறொருவரால் முன்னரே பெயர் சொல்லப்பட்ட பின்னரே ‘தான்’ தோன்றுகிறது என்னும் இச்செய்தியை வாசகர் மனத்தில் வைத்திருப்பாராக.

‘ஆத்துமா’ என்னும் சொல்லோ வேறு வகையான இடரைத் தருகிறது. அது உபநிடதங்களின் வழியாக நம்மிடம் வந்த சொல். பிறப்பிறப்பற்றதும் உடலின் வேறானதுமாகிய ஒரு பொருளை அது உடனே நினைவூட்டுகிறது. எபிரெய மொழியில் ‘நெபேஷ்’ என்பது அத்தகையதன்று. அச்சொல்லுக்குத் தொண்டை, மூச்சு, வேட்கை, உயிர், ஆள் எனப் பல பொருள்கள் உண்டு. ஆதியாகமம் 2:7இல் மனிதனுக்குள் ஒரு நெபேஷ் வைக்கப்பட்டதாகக் கூறப்படவில்லை. மண்ணும் மூச்சும் கூடியபோது மனிதனே உயிருள்ள நெபேஷ் ஆனான் என்றே கூறப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் ‘ப்சூகே’ என்னும் கிரேக்கச் சொல்லை நம் பழைய மொழிபெயர்ப்பு மரியாளின் பாட்டில் ‘ஆத்துமா’ என்றும் (லூக். 1:46), உலகத்தை ஆதாயமாக்கித் தன்னை இழப்பவனைப் பற்றிய இடத்தில் ‘ஜீவன்’ என்றும் (மாற். 8:36) பெயர்த்துள்ளது. மொழிபெயர்த்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு சொல்லுக்குள் உயிரும் ஆளும் பிரியாமல் கிடக்கும்போது எவரும் தடுமாறவே செய்வர்.

நினைவே ‘தான்’ என்ற லாக்

நினைவையும் ‘தான்’ என்பதையும் இணைத்துப் பேசியவர்களுள் தலையாயவர் ஆங்கில மெய்யியலார் ஜான் லாக். ‘மனித அறிவைப் பற்றிய கட்டுரை’ என்னும் தம் நூலின் இரண்டாம் பதிப்பில், 1694ஆம் ஆண்டில், ‘ஒன்றாயிருத்தலும் வேறாயிருத்தலும்’ பற்றிய ஓர் அதிகாரத்தை அவர் சேர்த்தார். அதில் மூன்று வகைகளைப் பிரிக்கிறார். ஒரு பொருள் அதே பொருளாய் இருப்பது வேறு. ஓர் உயிரினம் அதே உயிரினமாய் இருப்பது வேறு. ஓர் ஆள் அதே ஆளாய் இருப்பது வேறு. ஓர் இளவரசனுடைய நினைவுகளோடு கூடிய ஆன்மா செருப்புத் தைப்பவன் ஒருவனுடைய உடலுக்குள் புகுந்துவிட்டதாகக் கொள்வோம். பார்ப்போர்க்கு அவன் செருப்புத் தைப்பவனே. ஆயின், இளவரசன் செய்தவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டிய ஆள் அவனே என்பார் லாக். எதுவரை என் உணர்வு பின்னோக்கிச் சென்று ஒரு செயலை ‘இது நான் செய்தது’ என உரிமை கொண்டாடுகிறதோ, அதுவரையே நான்.

அவர் இதனை எழுதியது வெறும் அறிவு விளையாட்டாக அன்று என்பதை நம் மாணவர்கள் மறத்தலாகாது. ‘ஆள்’ என்பது நீதிமன்றத்துக்குரிய சொல் என்கிறார் அவர். மரித்தோர் உயிர்த்தெழுந்து நியாயாசனத்தின்முன் நிற்கும் நாளே அவர் கண்முன் நின்ற நீதிமன்றம். அழிந்து மண்ணாகிய உடலின் துகள்கள் யாவும் மீண்டும் கூட வேண்டுமோ என்னும் பழைய தொல்லையிலிருந்து அவருடைய கோட்பாடு திருச்சபையை விடுவித்தது. இதயங்களின் மறைவிடங்கள் வெளிப்படும் அந்நாளில், தான் அறியாத ஒன்றுக்காக எவனும் கணக்குக் கொடுக்கமாட்டான் என அவர் நம்பினார். இந்நம்பிக்கையில் ஒருவகை இரக்கம் இருப்பதை மறுக்க இயலாது.

ஆனால் இவ்விரக்கத்தின் மறுபக்கம் கொடியது. நினைவு சென்ற இடமெல்லாம் ‘நான்’ செல்லுமென்றால், நினைவு போன இடத்தில் ‘நான்’ போய்விடுகிறேன். அகுஸ்டே தம் திருமணத்தை மறந்தபோது, மணந்தவர் வேறொருவராகிவிட்டார். அம்மூதாட்டி தம் ஞானஸ்நானத்தை மறந்தபோது, ஞானஸ்நானம் பெற்றவர் அங்கே இல்லை. லாக் இவ்வாறு கூறினார் என்று நாம் சொல்லவில்லை. அவர் வகுத்த பாதை இவ்விடத்திற்கே கொண்டு செல்கிறது என்கிறோம்.

இதனை முதலில் கண்டவர்கள் ஆயர்களே என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பின்னாளில் டர்ஹாம் பேராயரான ஜோசப் பட்லர் 1736ஆம் ஆண்டில் எழுதிய ஒரு சிறு ஆய்வில், நினைவானது ‘நான்’ என்பதைக் காட்டுமேயன்றி உண்டாக்காது என்றார். நான் செய்ததை நான் நினைவுகூர்கிறேன் என்பதற்கு, செய்தவன் நானே என்பது முன்னரே உண்மையாய் இருக்க வேண்டுமன்றோ? ஸ்காட்லாந்து நாட்டவரான தாமஸ் ரீட், நியூ மச்சார் என்னும் ஊரில் ஆயராயிருந்து பின்னர்ப் பேராசிரியரானவர், 1785இல் ஓர் எளிய கதையால் அதே குறையைக் காட்டினார். சிறுவன் ஒருவன் பழத்தோட்டத்தில் திருடியதற்காக அடிபட்டான். அவன் வளர்ந்து படைவீரனாகிப் பகைவர் கொடியைக் கைப்பற்றினான்; அப்போது அவனுக்குச் சிறுவயதில் அடிபட்டது நினைவிருந்தது. முதுமையில் படைத்தலைவனானபோது கொடியைக் கைப்பற்றியது நினைவிருந்தது. அடிபட்டது அறவே மறந்துபோயிற்று. லாக்கின் கணக்குப்படி தலைவனும் வீரனும் ஒருவரே. வீரனும் சிறுவனும் ஒருவரே. ஆயினும் தலைவனும் சிறுவனும் ஒருவரல்லர். இக்கணக்கு ஒவ்வாது என்பது வெளிப்படை.

‘தான்’ என ஒன்று இல்லை என்போர்

டேவிட் ஹியூம் வேறொரு வழி சென்றார். 1739இல் வெளியான தம் நூலில், தமக்குள் எத்துணை ஆழமாக நோக்கினும் வெப்பம், குளிர், அன்பு, வெறுப்பு, வலி, இன்பம் போன்ற உணர்வுகளையே கண்டதாகவும், அவற்றைக் கொண்டிருக்கும் ‘தான்’ ஒன்றையும் காணவில்லை என்றும் எழுதினார். உணர்வுகளின் கட்டு ஒன்றே உண்டு. கட்டப்பட்டவன் ஒருவன் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டிலேயே அந்நூலுக்குச் சேர்த்த பிற்சேர்க்கையில், இக்கருத்துத் தமக்கே நிறைவளிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். உணர்வுகளைக் கட்டும் கயிறு யாது என்பதை அவரால் கூற இயலவில்லை. பெரிய மெய்யியலார் ஒருவர் தம் தோல்வியை அச்சிலே வெளியிடுவது அரிது. அவர்பால் நமக்கு மதிப்பு மிகுந்தது அப்பக்கங்களை வாசித்தபோதே.

இவ்வழக்கு நம் நாட்டில் அதற்கு நெடுங்காலம் முன்னரே நடந்ததாகும். மிலிந்த மன்னனுக்கும் நாகசேனர் என்னும் துறவிக்கும் நிகழ்ந்த உரையாடலில், அச்சும் சக்கரமும் நுகமும் கூடியதற்கு வழங்கும் பெயரே தேர் என்பதுபோல, உடலும் உணர்வும் கூடியதற்கு வழங்கும் பெயரே ‘நாகசேனன்’ என்று விளக்கப்படுகிறது. அதனை மறுக்கும் சைவ சித்தாந்தத்தின் பக்கத்தை அறிய விரும்புவோர் மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தைக் காண்க. ‘இல்லை’ என்று மறுக்கும் அறிவே உயிர் உண்டு என்பதற்குச் சான்றாகும் எனவும், ‘என் உடல்’ என்று சொல்லும்போதே உடலுக்கு உடையவன் ஒருவன் வேறாய் இருப்பது விளங்கும் எனவும் அங்கு வாதிக்கப்படுகிறது. அகுஸ்டே அம்மையாரின் வாக்கியத்தை மெய்கண்டார் கேட்டிருந்தால், ‘இழந்தேன்’ என்பவள் இழக்கப்படவில்லை என உடனே கூறியிருப்பார் என எண்ணத் தோன்றுகிறது. நாம் சித்தாந்திகள் அல்லோம்; ஆயினும் இவ்வாதத்தின் வலிமையைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

உளவியல் கண்டது

உளவியல் தனித் துறையாக வளரத் தொடங்கிய காலத்தில் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட பெருநூல், ‘அறியும் நான்’ என்றும் ‘அறியப்படும் நான்’ என்றும் ஒரு பிரிவைச் செய்தது. அறியப்படும் நானில் உடலும் உடைமையும் ஒரு பகுதி; பிறர் நம்மை மதிக்கும் மதிப்பு ஒரு பகுதி; உள்ளுணர்வும் ஆற்றல்களும் ஒரு பகுதி. நம்மை அறிந்து தம் மனத்தில் நம்மைப் பற்றிய உருவமொன்றைத் தாங்கியிருப்போர் எத்தனை பேரோ, அத்தனை சமூக ‘நான்’கள் நமக்கு உண்டு என்றார் ஜேம்ஸ். திருப்பீடத்தில் நிற்கும் நம்மையும் வீட்டில் நிற்கும் நம்மையும் அறிந்த நம் வீட்டார் இதற்குச் சான்று பகர்வர். சிக்மண்ட் ஃபிராய்டு 1923இல் ‘நான்’ என்பதனை, அதன் கீழிருந்து தள்ளும் இச்சைகளுக்கும் மேலிருந்து அதட்டும் மனச்சான்றுக்கும் இடையே அல்லற்படும் ஒரு பகுதியாகக் காட்டினார். அதனைப் பலரும் எழுதிவிட்டமையால் இங்கு விரிப்பதற்கில்லை.

நம் வினாவுக்கு மிகவும் பயன்படுவது ஹென்றி மொலேசன் என்னும் அமெரிக்கரின் வாழ்வாகும். கடுமையான வலிப்பு நோயால் துன்புற்ற அவருக்கு 1953ஆம் ஆண்டில், தம் 27ஆம் வயதில், மூளையின் இரு பக்கத்துப் பொட்டுமடல்களின் உட்பகுதி அறுவை செய்து நீக்கப்பட்டது. வலிப்புக் குறைந்தது. ஆனால் அதன்பின் நிகழ்ந்த எதையும் அவரால் மனத்தில் நிறுத்த இயலவில்லை. சற்றுமுன் உரையாடிய மருத்துவர் வெளியே சென்று திரும்பினால் புதியவராகவே தோன்றுவார். 1957இல் பிரெண்டா மில்னர் என்னும் உளவியலாரும் அறுவை செய்த மருத்துவர் ஸ்கோவிலும் இதனை உலகறியச் செய்தனர். 2008இல் இறக்கும்வரை மொலேசன் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவி வந்தார். அதுவரை அவர் பெயரின் முதலெழுத்துகளே வெளியே தெரிந்திருந்தன.

மில்னர் செய்த சோதனைகளுள் ஒன்று புகழ்பெற்றது. தாளில் வரைந்துள்ள நட்சத்திர வடிவின் இரு கோடுகளுக்கிடையே பென்சிலைச் செலுத்த வேண்டும். ஆனால் தன் கையையும் தாளையும் கண்ணாடியில் மட்டுமே பார்க்கலாம். செய்து பார்ப்போர் அதன் கடினத்தை அறிவர். மூன்று நாள்கள் பயிற்சி நடந்தது. நாள்தோறும் மொலேசனின் பிழைகள் குறைந்தன. ஆயினும் அச்சோதனையை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. அவர் மறந்தார், அவர் கை மறக்கவில்லை.

நினைவு என்பது ஒன்றன்று, பல என்பது இதனால் அறியப்பட்டது. நிகழ்ச்சிகளைச் சொல்லக் கூடிய நினைவு வேறு. பழகிய உடலில் தங்கும் நினைவு வேறு. அல்சைமர் நோயில் முதலில் பழுதுபடுவது பெரும்பாலும் முன்னையதே. நெடுங்காலம் வாயாலும் கையாலும் பழகியவை, அவற்றுள்ளும் பாடல்களும் மனப்பாடமான மன்றாட்டுகளும், பல நோயாளிகளிடம் மிகவும் பிந்தியே மறைகின்றன. அம்மூதாட்டி செபத்தைச் சொன்னதற்கு இதுவே உளவியல் தரும் விளக்கம். ‘அப்படியானால் அது வெறும் பழக்கம்தானே, அதில் விசுவாசம் எங்கே?’ என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான வினாவே. ஆனால் பழக்கத்தை ‘வெறும்’ என்று கூறுமுன் சற்று நிதானிக்க வேண்டும். அறுபது ஆண்டுகள் ஒவ்வொரு நாளும் முழங்காற்படியிட்டதனால் உண்டான பழக்கம் ஒருவருடைய புறத்தே ஒட்டிய பொருளன்று, அது அவரே. இங்கு லாக் காணாத ஒரு ‘தான்’ உண்டு. அது சொல்லாது, செய்யும்.

இருப்பினும் இதில் நம் முழு நம்பிக்கையையும் வைக்கலாகாது. நோய் முற்றும்போது பழக்கமும் மறைகிறது. செபமும் நின்றுபோன பின் என் செய்வோம்?

பிறர் தரும் ‘தான்’

பிரிட்டனின் பிராட்ஃபர்டில் பணியாற்றிய டாம் கிட்வுட் 1997இல் மறதிநோய் பற்றி எழுதிய நூல் இவ்விடத்தில் நமக்குத் துணை வருகிறது. ஆள்நிலை என்பது ஒருவருக்குள் இருக்கும் ஆற்றல் அன்று. உறவிலே பிறரால் அவருக்கு அளிக்கப்படும் தகுதி என்றார் அவர். நோயாளி அழிவது மூளையின் தேய்வினால் மட்டுமன்று. அவர் முன்னிலையிலேயே அவரை இல்லாதவராகப் பாவித்துப் பேசுவதும், குழந்தைபோல் நடத்துவதும், அவசரப்படுத்துவதும், ஏமாற்றுவதும் அவரை அழிக்கின்றன எனக் காட்டினார். இதனை வாசித்தபோது நமக்கு முகம் வாடியது. ‘அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது’ என்று மகன் கூறியது அம்மையாரின் செவி கேட்க அல்லவா? நாமும் மகனையே நோக்கித் தலையசைத்தோமேயன்றி அவரை நோக்கி ஒரு சொல்லும் கூறவில்லை.

எனினும் கிட்வுட்டிடமும் ஒரு குறை உண்டு. பிறர் அளிப்பது ஆள்நிலை என்றால், பிறர் அதனைத் திரும்பப் பெறவும் கூடும். பார்க்க வருவோர் எவருமின்றிக் கிடக்கும் முதியவர் ஆளல்லரோ? நினைவின் தோள்மேலிருந்த சுமையை இறக்கிச் சுற்றத்தாரின் தோள்மேல் ஏற்றியிருக்கிறோம். சுற்றத்தாரோ களைத்துப் போவர். இரவு மூன்று மணிக்கு எழுந்து வாசற்கதவைத் திறந்து ‘வீட்டிற்குப் போகிறேன்’ என்று புறப்படும் தந்தையை ஆண்டுக்கணக்கில் காத்துவரும் மகளிடம், அவருடைய ஆள்நிலையே உம் கையில் இருக்கிறது என்று கூறுவது எத்துணைக் கொடுமை!

கடவுளால் அறியப்படுதல்

கலாத்தியருக்கு எழுதும் பவுல் ஓரிடத்தில் தம்மையே திருத்திக்கொள்கிறார் (கலா. 4:9). நீங்கள் கடவுளை அறிந்திருக்கையில் என்று தொடங்கியவர், உடனே அதனை மாற்றி, கடவுளால் அறியப்பட்டிருக்கையில் என்கிறார். எழுதுகையில் நேர்ந்த தடுமாற்றம் எனக் கடந்துவிடலாகாது. கொரிந்தியருக்கு எழுதும்போதும் அறிவினால் இறுமாப்படைந்தோரை நோக்கி, கடவுளிடத்தில் அன்புகூருகிறவன் அவரால் அறியப்பட்டிருக்கிறான் என்று அதே திருப்பத்தைச் செய்கிறார் (1 கொரி. 8:3). பவுலுக்கு ‘நான்’ என்பதன் அடிப்படை என் அறிவு அன்று; என்னை அறிந்தவருடைய அறிவு. 139ஆம் சங்கீதக்காரன் தன்னைத் தான் அறியுமுன், கருவிலே உருவாகுமுன், அறியப்பட்டிருந்தான். ‘தான்’ என்பது முன் கூறப்பட்ட பெயரைச் சுட்டியே வரும் என நாம் மேலே கண்டது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

ஸ்காட்லாந்தின் அபர்தீனில் கற்பிக்கும் இறையியலார் ஜான் சுவின்டன், முன்பு செவிலியராகப் பணிபுரிந்தவர், 2012இல் எழுதிய நூலில், மறதிநோயாளர் கடவுளின் நினைவில் வாழ்கின்றனர் என்னும் கருத்தை விரித்துரைத்தார். எபிரெயத்தில் நினைத்தல் என்பதனைக் குறிக்கும் ‘சாகர்’ என்னும் வினை மனத்துள் நிகழும் ஒன்றை மட்டும் சுட்டுவதன்று. கடவுள் நோவாவை நினைத்தார்; வெள்ளம் வடியத் தொடங்கிற்று (ஆதி. 8:1). அன்னாளை நினைத்தார், அவள் கருவுற்றாள் (1 சாமு. 1:19-20). கடவுள் நினைப்பது செயற்படுவதாகும். தான் பெற்ற குழந்தையைத் தாய் மறந்தாலும் தாம் மறப்பதில்லை என ஏசாயாவின் வாய்மொழியாக அவர் கூறுகையில் (ஏசா. 49:15), தாய் மறக்கக் கூடும் என்பதை அவர் மறுக்கவில்லை. மறதிநோயுற்ற தாய்மார் உள்ள வீடுகளில் அவ்வசனத்தை வாசித்தோர் அதன் கூர்மையை அறிவர்.

இக்கருத்தை மலிவாக்கலாகாது. ‘கடவுள் நினைத்திருக்கிறார்’ என்று கூறிவிட்டு நாம் அவ்வீட்டிற்குச் செல்லாதிருப்போமாயின், அது பக்தியன்று, சோம்பல். கடவுளின் நினைவு செயலாய் வெளிப்படும் என்றால், வெளிப்படும் இடங்களுள் ஒன்று சபையாரின் கால்கள் ஆகும். மேலும் தம்மை அறியாத தாயின்முன் நிற்கும் மகனுக்கு இழப்பு உண்மையானதே. அவன் இழந்தது ஒன்றுமில்லை எனப் போதிக்க நமக்கு உரிமையில்லை.

பந்தியில் இடம்

இனித் தொடங்கிய இடத்திற்கு வருவோம். தம்மை நினைவுகூரும்படி இதனைச் செய்யுங்கள் என்றார் ஆண்டவர் (1 கொரி. 11:24). நினைவுகூர இயலாதவர் அதில் எங்ஙனம் பங்குகொள்வார்? அன்றியும் ஒருவன் தன்னைச் சோதித்து அறிந்து புசிக்க வேண்டும் என்றும், சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாமல் புசிப்பவன் ஆக்கினைத்தீர்ப்பை அடைவான் என்றும் அதே அதிகாரம் எச்சரிக்கிறதே (வச. 28-29)? அறிவு பெற்றுத் திடப்படுத்தல் பெற்றோரையே பந்திக்கு அழைக்கும் ஒழுங்கில் வளர்ந்த நமக்கு இது சிறிய தடையன்று.

முதல் வினாவுக்கு விடை எளிது. ‘செய்யுங்கள்’ என்பது பன்மை. நினைவுகூர்தல் சபை முழுவதற்கும் இடப்பட்ட பணி. ஒருவர் பாட்டின் அடியை மறக்கும்போது அருகிலிருப்பவர் பாடித் தாங்குவதுபோல, அவர் மறந்ததைச் சபை அவருக்காக நினைக்கிறது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் திருச்சபைகளில் இருப்போர் இதனை மறுக்க வழியில்லை. வாழ்வின் தொடக்கத்தில் அறியாதவரை ஏற்றுக்கொண்ட கை, அதன் முடிவில் அறியாதவரைத் தள்ளுவதேன்? முதிர்ந்தோருக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் சபையினருக்கு வாதம் வேறு வகையில் அமையும். ஆயினும் தெளிவோடிருந்த நாளில் ஒருவர் செய்த அறிக்கையை, அவர் மறந்துவிட்டமையால் கடவுளும் மறந்துவிட்டார் என அவர்களும் கூறமாட்டார்கள்.

இரண்டாவது வினாவுக்கு, அவ்வசனங்கள் எழுந்த சூழலை நோக்க வேண்டும். கொரிந்து சபையில் வசதியுள்ளோர் முந்திப் புசித்து வெறிகொண்டிருக்க, இல்லாதவர் பசித்திருந்தனர், இல்லாதவர் வெட்கப்படுத்தப்பட்டனர் (வச. 21-22). பவுல் கடிந்துகொண்டது அறிவில் குறைந்தோரை அன்று. அறிந்தும் எளியோரைப் பந்தியில் பொருட்படுத்தாதவர்களை. ‘சரீரம்’ என்பது அப்பத்தில் உள்ள ஆண்டவரின் சரீரத்தைக் குறிக்கிறதா, அவருடைய சரீரமாகிய சபையைக் குறிக்கிறதா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். எதுவாயினும், தன்னைச் சோதித்தறிய வல்லவனுக்கே சோதித்தறியும் கடமை இடப்பட்டுள்ளது என்பது நம் துணிபு. அவ்வாறாயின், அன்று அவ்வீட்டில் சரீரத்தை நிதானித்து அறியாதிருந்தவர் மூலையில் அமர்ந்திருந்த அம்மூதாட்டி அல்லர். தட்டை மூடிய நாமே.

அதன்பின் நாம் மாற்றிக்கொண்டவை சில உண்டு. இளைய ஆயர்களுக்குப் பயன்படலாம். மறதிநோயாளர் வீட்டில் ஆராதனையைச் சுருக்கமாக வைத்துக்கொள்கிறோம். திருமறைப் பகுதிகளையும் செபங்களையும் அவர் சிறுவயதில் கற்ற பழைய மொழிபெயர்ப்பிலேயே சொல்கிறோம். திருத்திய மொழிநடை நமக்கு எவ்வளவு உவப்பாயினும் அது அவர் நாவில் இல்லை. அவர் ஞானப்பாட்டுகளில் வளர்ந்தவரா, கீர்த்தனைகளில் வளர்ந்தவரா என்பதை முன்னரே வீட்டாரிடம் கேட்டு அறிகிறோம். அப்பத்தை மிகச் சிறிய துண்டாக்கி இரசத்தில் தோய்த்துக் கொடுக்கிறோம். விழுங்குவதில் இடர் உள்ளதா என்பதைப் பராமரிப்பவரிடம் கேட்காமல் கொடுப்பதில்லை. அவர் தலையைத் திருப்பிக்கொண்டால் வற்புறுத்துவதில்லை. அவர் தலையில் கைவைத்து ஆசி கூறுகிறோம். வீட்டாருக்கு முன்பாக, முதலாவதாக அவரிடமே சென்று, கண்மட்டத்திற்குத் தாழ்ந்து அமர்ந்து, அவருடைய ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி அழைத்து, அதன்பின்னரே அப்பத்தை நீட்டுகிறோம். சிலர் அப்பெயரைக் கேட்டு ஏறிட்டுப் பார்ப்பதுண்டு, சிலர் பார்ப்பதில்லை.